மருந்துப் பெட்டியின் மறுபக்கம்
இப்றாஹீம் அஸ்ஸலாஹியின் சிறையும் சித்திரமும்

மாத்திரைகள் தீர்ந்துபோன அட்டைப்பெட்டியை நாம் கசக்கி எறிந்துவிடுகிறோம். சூடானிய ஓவியர் இப்றாஹீம் அஸ்ஸலாஹி அதனை எறிவதில்லை. பெட்டியின் ஒட்டுகளைப் பிரித்துத் தட்டையாக்கி, அச்சேறாத அதன் உட்புறத்தில் கறுப்பு மையினால் வரைகிறார். அஞ்சலில் வந்த உறைகளின் பின்புறமும் பொதி சுற்றி வந்த தாள்களும் அவருக்கு அவ்வாறே பயன்படுகின்றன. இடுப்பு நரம்பு வலியாலும் பார்க்கின்சன் நோயாலும் நடமாட்டம் குறுகிப்போன முதுமையில், நாற்காலியில் அமர்ந்தபடியே, கைக்கெட்டிய தாளில் வரையத் தொடங்கிய சித்திரங்கள் இவை. வரைந்துகொண்டிருக்கும் வேளையில் வலி மறந்துபோகிறது என்பதனால் இவ்வரிசைக்கு 'வலி நிவாரணம்' என்றே பெயரிட்டார். 2022ஆம் ஆண்டில் நியூயார்க்கின் டிராயிங் சென்டரில் இவை காட்சிப்படுத்தப்பட்டபோது, மருந்துப் பெட்டியில் வரையும் முதியவர் என்ற செய்தி பலருக்குப் புதுமையாகத் தோன்றியது. ஆனால் அவருடைய வாழ்வை அறிந்தோருக்கு இது புதுமையன்று. குப்பையெனக் கழிக்கப்பட்ட தாள்துண்டில் வரையும் பழக்கத்தை அவர் கற்றுக்கொண்ட இடம் ஒரு சிறைச்சாலை. அதற்கும் முன்னர், எழுதியதை அழித்துவிட்டு அதே தளத்தில் மீண்டும் எழுதும் பழக்கத்தை அவர் கற்ற இடம் ஓர் அல்-குர்ஆன் பாடசாலை.

ஸலாஹி 1930ஆம் ஆண்டு உம்முதுர்மான் நகரில் பிறந்தவர். நீல நதியும் வெள்ளை நீல நதியும் கலக்குமிடத்தில், கார்த்தூமுக்கு எதிர்க்கரையில் அமைந்த நகர் அது. அவருடைய தந்தையார் மார்க்க அறிஞர். தம் இல்லத்திலேயே 'கல்வா' நடத்தி வந்தார். சூடானில் அல்-குர்ஆன் பாடசாலைக்குக் கல்வா என்று பெயர். தனித்திருத்தல் என்னும் பொருளுடைய அச்சொல், ஸூஃபிகளின் தியான அறையையும் குழந்தைகளின் ஓதும் பள்ளியையும் ஒருங்கே குறிப்பது அந்நாட்டின் மார்க்க வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. அக்கல்வாவில்தான் சிறுவன் இப்றாஹீம் எழுதவும் வாசிக்கவும் கற்றான்.

கல்வாவின் கல்விக் கருவி 'லவ்ஹ்' எனப்படும் மரப்பலகை. புகைக்கரியையும் வேலமரப் பிசினையும் கலந்து மை செய்வர். உலகச் சந்தைக்கு அரபுப் பிசினை மிகுதியாக அனுப்பும் நாடு சூடான் என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம். நாணலைச் சீவிய எழுதுகோலால் அன்றைய பாடத்துக்குரிய வசனங்களைப் பலகையில் எழுதி, மனனமானதும் கழுவிவிட்டு அடுத்த பாடத்தை எழுதுவர். கழுவிய நீரை வீணில் கொட்டுவதில்லை. இறைவசனம் கரைந்த நீர் என்பதனால் அதனைப் பேணி, நோயாளிகளுக்குப் பருகக் கொடுக்கும் வழக்கமும் அங்கு உண்டு. பலகையில் எழுதிக் கழுவி ஓதிய முதியோர் நம்மிடையேயும் இருந்தனர். ஆகவே இதனை நீட்டி விளக்கத் தேவையில்லை. மாணவன் குறித்த ஒரு பகுதியை ஓதி முடித்ததும் அவனுடைய பலகை வண்ணக் கோலங்களால் அலங்கரிக்கப்படும். 'ஷரஃபா' எனப்படும் இந்த அலங்காரமே தாம் முதன்முதலில் ஈடுபட்ட ஓவியப் பணி என்பது ஸலாஹியின் நினைவு. எழுத்தும் சித்திரமும் அவரிடத்தில் இரு வேறு கலைகளாகத் தொடங்கவில்லை.

கார்த்தூமின் கார்டன் நினைவுக் கல்லூரியில் ஓவியம் பயின்ற பின்னர், 1954ஆம் ஆண்டில் அரசுப் புலமைப்பரிசில் பெற்று இலண்டனின் ஸ்லேட் கலைப் பள்ளிக்குச் சென்றார். மூன்றாண்டுகள் அங்கு ஐரோப்பிய ஓவிய முறைகளைக் கற்று 1957இல் தாயகம் திரும்பிக் கற்பிக்கலானார். கார்த்தூமின் கிராண்ட் ஹோட்டலில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். தொடக்க நாளில் கூட்டம் வந்தது; பின்னர் எவரும் வரவில்லை. இவ்வாறு மேலும் முறை முயன்றும் பயனில்லை. மக்கள் ஏன் வரவில்லை என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார். இலண்டனில் கற்றுவந்த கலைமொழி தம் மக்களுக்கு எதனையும் சொல்லவில்லை என்பதே அவர் கண்ட விடை. மக்களுக்குக் கலையறிவு போதாது என்று சொல்லிவிட்டுத் தம் போக்கிலேயே சென்ற ஓவியர்கள் கீழை நாடுகளில் எத்தனையோ பேர். ஸலாஹி வரைவதைச் சிறிது காலம் நிறுத்திவிட்டு நாட்டைச் சுற்றலானார். வீட்டுச் சுவர்களின் கோலங்கள், ஒட்டகச் சேணங்கள், பாய்முடைவு, மரச்செதுக்கு, தொழுகை விரிப்பு ஆகியவற்றைக் கூர்ந்து நோக்கினார். சூடானிய இல்லங்களில் மக்கள் உண்மையாகவே விரும்பித் தொங்கவிட்டிருந்தது எழுத்தணிதான் என்பதையும் கண்டார்.

அதன்பின் அவருடைய ஓவியங்களின் மூலையில் சிறு சிறு அரபு எழுத்துகள் தோன்றலாயின. பார்வையாளர் சற்றே நெருங்கி வந்தனர். எழுத்துகள் படிப்படியாகப் படம் முழுவதும் பரவின. பின்னர் ஸலாஹி அடுத்த அடியை எடுத்து வைத்தார். எழுத்தின் எலும்பையே முறித்துத் திறந்து பார்த்தார். திறந்த எழுத்துக்குள்ளிருந்து மனித உருவங்களும் விலங்குகளும் பறவைகளும் செடிகொடிகளும் வெளிப்பட்டன. அஹ்மத் ஷிப்ரைன், கமலா இஸ்ஹாக் முதலியோரோடு சேர்த்து இவரையும் 'கார்த்தூம் பள்ளி' என்று கலை வரலாற்றாசிரியர்கள் வகைப்படுத்துவர். கமலா இஸ்ஹாக் பின்னாளில் அப்போக்கிலிருந்து விலகி வேறோர் இயக்கத்தில் இணைந்தார் என்பதும் சொல்லத்தக்கதே.

1961 முதல் 1965 வரை அவர் தீட்டிய 'சிறுபருவக் கனவுகளின் மறுபிறப்பெடுத்த ஒலிகள்' என்னும் பேரோவியம் இன்று இலண்டன் டேட் காட்சியகத்தின் உடைமை. நெடிதாய் நீண்ட, முகமூடி போன்ற முகங்களையுடைய உருவங்கள் மங்கலான பின்புலத்திலிருந்து எழுந்து வருகின்றன. மண்ணின் நிறமும் சாம்பலும் கறுப்பும் வெண்மையுமே அதில் உள்ளன. ஐரோப்பிய ஓவியத்துணியன்று, 'தம்மூரியா' எனப்படும் உள்ளூர்ப் பருத்தித் துணியே அதன் தளம்; எண்ணெய் வண்ணத்தோடு எனாமல் பூச்சும் கலந்திருக்கிறது. கைக்கெட்டியதைக் கொண்டு வேலை செய்வது சிறைக்கு முன்னரே அவரிடம் இருந்தது என்பதற்காக இதனைக் கூறுகிறோம்.

உருவம் வரைதல் பற்றிய மார்க்கச் சட்டக் கருத்துவேறுபாடு நம் வாசகர்கள் அறிந்ததே. அவ்விவாதத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் ஸலாஹி மார்க்கத்தை ஒதுக்கிவிட்டு ஓவியத்துக்குச் சென்றவர் அல்லர் என்பதை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறோம். தொழுகையையும் பிரார்த்தனையையும் தம் பணியின் முன்னுரையாகக் கருதுபவர் அவர். அவருடைய உருவங்கள் எவரையும் ஒத்திருப்பதற்காக வரையப்பட்டவையல்ல. மேலை நாட்டு விமர்சகர்கள் பலர் அவற்றைப் பிக்காஸோவோடு ஒப்பிட்டுவிட்டு அமைகின்றனர். ஆப்பிரிக்க முகமூடிகளைக் கண்டு பிக்காஸோ கற்றதை, ஓர் ஆப்பிரிக்கர் பிக்காஸோவிடமிருந்து கற்றதாகச் சொல்வது விந்தையான கணக்கு. லவ்ஹை அறியாதவர்கள் ஸலாஹியின் கோட்டை அறிவது கடினம் என்பது எமது கருத்து.

1969ஆம் ஆண்டு மே மாதம் ஜஃபர் நுமைரி இராணுவப் புரட்சி மூலம் சூடானின் ஆட்சியைக் கைப்பற்றினார். அவ்வேளையில் ஸலாஹி இலண்டனிலிருந்த சூடான் தூதரகத்தில் பண்பாட்டுத் துறையில் பணியேற்றார். 1972இல் அழைப்பை ஏற்று நாடு திரும்பி, பண்பாட்டு, தகவல் அமைச்சில் உயர் பதவி வகித்தார். அரசின் உட்புறத்திலிருந்து கலைக்கு ஏதேனும் செய்யலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. 1975 செப்டம்பரில் ஹஸன் ஹுஸைன் என்னும் இராணுவ அதிகாரியின் தலைமையில் நுமைரிக்கு எதிராக ஒரு கிளர்ச்சி எழுந்து சில மணி நேரத்தில் முறியடிக்கப்பட்டது. அதில் தொடர்புடையோரில் ஸலாஹியின் உறவினர் ஒருவரும் இருந்தார். அந்த உறவே குற்றமாயிற்று. அமைச்சின் அதிகாரி விசாரணை எதுவுமின்றிச் சிறைவைக்கப்பட்டார். சிறைவாசம் 6 மாதமும் 8 நாளும் நீடித்தது.

அவர் வைக்கப்பட்டிருந்தது கார்த்தூம் வடக்கிலுள்ள கோபர் சிறை. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்டது. கூப்பர் என்னும் ஆங்கிலப் பெயர் சூடானியர் நாவில் கோபர் ஆயிற்று. கட்டியவர்கள் போனபின் அதே மதில்கள் சுதந்திர நாட்டின் ஆட்சியாளர்களுக்குப் பயன்பட்டன. இது சூடானுக்கு மட்டுமே உரிய கதையன்று.

கோபரில் கைதிகளுக்குத் தாளும் எழுதுகோலும் தடைசெய்யப்பட்டிருந்தன. அவற்றோடு பிடிபடுபவருக்குத் தனிமைச் சிறை. எழுதவும் வரையவும் மட்டுமே தெரிந்த ஒருவருக்கு இதைவிடக் கொடிய தண்டனை வேறில்லை. நம் வரலாற்றில் இதற்கு முன்னோடிகள் உண்டு. இமாம் ஸரக்ஸீ உஸ்கந்தில் ஒரு பாழ்ங்கிணற்றுச் சிறையிலிருந்தபடியே மேலே அமர்ந்திருந்த மாணவர்களுக்குத் தம் 'அல்-மப்ஸூத்' நூலைச் சொல்லிக் கொடுத்து எழுதச் செய்தார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். திமிஷ்கின் கோட்டைச் சிறையில் இமாம் இப்னு தைமிய்யாவின் ஏடுகளும் மையும் பறிக்கப்பட்டபோது அவர் கரித்துண்டால் எழுதினார். அங்கேயே 1328இல் மறைந்தார். சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு பிறகு எழுதலாம். கோட்டை அப்படி மனத்தில் வைத்திருக்க இயலுமா?

ஸலாஹி கண்ட வழிகள் இரண்டு. நாள்தோறும் ஏறக்குறைய 25 நிமிடங்கள் கைதிகள் முற்றத்தில் நடமாட விடப்பட்டனர். அவ்வேளையில் மணலில் விரலாலோ குச்சியாலோ வரைந்து பார்ப்பார். காவலர் நெருங்குமுன் கையால் துடைத்துவிடுவார். வரைந்து துடைத்த படம் மறுநாள் மீண்டும் மணலில் எழும், சிறிது மாறியிருக்கும், மீண்டும் துடைக்கப்படும். கல்வாவில் பலகையைக் கழுவிக் கழுவி ஓதிய சிறுவன் மனனம் செய்த முறை இதுவேயல்லவா? அழிப்பதற்காக எழுதுவதும், அழிந்தபின் நெஞ்சில் எஞ்சுவதையே கல்வியெனக் கொள்வதும் அவருக்கு ஐந்து வயதிலேயே பழகிய வித்தை. அவரைச் சிறையிட்டவர்கள் அதனை அறிந்திருக்க நியாயமில்லை.

இரண்டாவது வழி கழிவுத்தாள். சிமெண்டுப் பைகளின் உறைத்தாள் கிடைத்தால் அதனைச் சிறு துண்டுகளாகக் கிழிப்பார். ஒளித்து வைத்த பென்சில் துண்டால் ஒவ்வொன்றிலும் ஒரு படத்தின் ஒரு சிறு பகுதியை மட்டும் வரைவார். பின்னர் மணலுக்கடியில் புதைத்துவிடுவார். ஒரு துண்டு பிடிபட்டாலும் அதிலிருந்து எவரும் எதனையும் அறிய முடியாது. முழுப்படம் அவர் ஒருவருடைய உள்ளத்தில் மட்டுமே இருக்கும்.

அச்சத்தினால் பிறந்த இந்த உபாயம் விடுதலைக்குப் பின்னர் அவருடைய கலையின் இலக்கணமாகவே மாறிவிட்டது என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி. சிறைக்கு முன்னர் அவர் பெருந்துணியை முழுமையாக நோக்கித் தீட்டினார். சிறைக்குப் பின்னரோ ஒரு சிறு தாளில் ஒரு கருவிலிருந்து தொடங்குவார். அது வளர விரும்பினால் பக்கத்தில் இன்னொரு தாளை இணைப்பார். மேலே ஒன்று, கீழே ஒன்று எனப் படம் தானாக விரியும். எங்கே முடியும் என்பது தொடங்கும்போது அவருக்கே தெரியாது. அவ்வாறாயினும் ஒவ்வொரு துண்டும் தனித்து நிற்க வேண்டும், சேர்த்து வைத்தாலும் நிற்க வேண்டும் என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. வண்ணமும் பெரும்பாலும் விலகிற்று. கறுப்பு மையும் வெள்ளைத் தாளும் நெடுங்காலம் அவருக்குப் போதுமானவையாயின.

1976இல் விடுதலையானதும் வீட்டிலிருந்தபடியே ஒரு குறிப்பேட்டில் சிறை அனுபவத்தை மையினால் வரைந்தும் அரபியில் வசனமாகவும் கவிதையாகவும் எழுதியும் வைத்தார். நாம் இன்று காணக் கிடைப்பது மணலில் புதைந்த துண்டுகளல்ல, இக்குறிப்பேடே. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் இதனைப் பெற்று, ஷார்ஜா கலை அறக்கட்டளையோடு இணைந்து 2018இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் நூலாக வெளியிட்டது. அதனைப் புரட்டுவோர் சித்திரவதைக் காட்சிகளை எதிர்பார்த்தால் ஏமாறுவர். கட்டங்களும் கம்பிகளும் அடைபட்ட உடல்களும் உள்ளன. ஆயினும் கோட்டின் நிதானம் எங்கும் குலையவில்லை. சினத்தைவிட ஒரு தன்விசாரணையின் தொனியே மேலோங்கி நிற்கிறது. அரசியல் கைதியின் கலை என்றதும் கூக்குரலை எதிர்பார்க்கும் நம் மனப்பழக்கத்தை இந்நூல் சற்றே கேள்விக்குட்படுத்துகிறது.

1977இல் ஸலாஹி நாட்டைவிட்டு வெளியேறினார். கத்தாரில் தகவல் அமைச்சின் ஆலோசகராகப் பணியாற்றினார். 1998இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் குடியேறினார். கத்தாரில் இருந்தபோது, 1984, 1985ஆம் ஆண்டுகளில், 'தவிர்க்கவொண்ணாதது' என்னும் பெருஞ்சித்திரத்தை உருவாக்கினார். தடித்த வெள்ளை அட்டைகள் ஒன்பதை இணைத்துக் கறுப்பு மையினால் வரைந்தது. இரு மீட்டருக்கும் மேற்பட்ட உயரமும் அகலமும் கொண்டது. நெருக்கியடித்து நிற்கும் உருவங்கள், முறைத்து நோக்கும் கண்கள், உயர்த்திய முட்டிகள். கோபரில் சிமெண்டுத் தாளில் பயின்ற துண்டிணைப்பு முறையின் முழு விளைவை இதில் காணலாம்.

அவர் இதனை வரைந்துகொண்டிருந்த காலம் சூடானுக்குக் கடுமையான காலம். 1983இல் நுமைரி ஷரீஅத்தின் பெயரால் சட்டங்களை அறிவித்திருந்தார். அச்சட்டங்களை எதிர்த்த முதியவர் மஹ்மூத் முஹம்மது தாஹா 1985 ஜனவரியில் அதே கோபர் சிறையில் தூக்கிலிடப்பட்டார். தாஹாவின் மார்க்கக் கருத்துகள் பெரும்பாலான உலமாக்களால் மறுக்கப்பட்டவை என்பது உண்மை. எனினும் கருத்துக்கு எதிராக ஓர் ஆட்சி தூக்குமரத்தை நிறுத்தியது சூடானிய மக்களின் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேயே மக்கள் எழுச்சியில் நுமைரியின் ஆட்சி கவிழ்ந்தது. இச்சித்திரம் இன்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் உடைமையாக இருக்கிறது. சூடானிய மக்கள் விடுதலை பெற்ற பின்னரே அது தாயகத்தில் வைக்கப்பட வேண்டும் என்பது ஓவியரின் விருப்பம்.

பிற்காலத்தில் அவர் மீண்டும் மீண்டும் வரைந்தது ஹராஸ் மரத்தை. வேலமர இனத்தைச் சார்ந்த இது நீல நதிக்கரையில் வளர்வது. மழைக்காலத்தில் மற்ற மரங்கள் தழைக்கும்போது இது இலையுதிர்த்து நிற்கும்; கோடையில் யாவும் காய்ந்துகிடக்கும்போது பசுமை கொள்ளும். உழவர்கள் இதன் அடியிலேயே பயிரிடுவர். மழைக்காலத்தில் நிழல் தட்டாது, உதிர்ந்த இலை எருவாகும். பிறர் போகும் வழியில் போகாத இம்மரத்தில் சூடானிய மக்களின் இயல்பை ஸலாஹி கண்டார். மரத்தைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் சுருக்கிச் சுருக்கி, ஒரு கட்டத்தில் அது மரமா மனிதனா அலிஃப் எழுத்தா என்று பிரித்தறிய முடியாத நிலைக்குக் கொண்டுவந்தார். 2013ஆம் ஆண்டு இலண்டன் டேட் மாடர்ன் அவருடைய வாழ்நாட் படைப்புகளைத் தொகுத்துக் காட்சிக்கு வைத்தது. ஓர் ஆப்பிரிக்க ஓவியருக்கு அவ்விடத்தில் அத்தகைய கண்காட்சி நடந்தது அதுவே முதன்முறை. அப்போது அவருக்கு வயது 82. இது காலம் தாழ்ந்த மரியாதை என்பதில் ஐயமில்லை.

அதற்குப் பின்னர் வந்தவையே மருந்துப் பெட்டிச் சித்திரங்கள். சிறையில் தாள் மறுக்கப்பட்டது. முதுமையிலோ உடல் மறுக்கிறது. பெருந்துணியின் முன் நிற்க இயலாத ஒருவர் மீண்டும் உள்ளங்கையளவுத் தாளுக்குத் திரும்பினார். பிரித்த பெட்டியின் மடிப்புத் தடங்களும் காதுபோல் நீட்டிய ஓரங்களும் சித்திரத்தின் சட்டமாகின்றன. அவற்றுக்குள் முகங்கள், பறவைகள், வலையெனப் பின்னிய கோடுகள். நோயைப் பற்றிய நேரடிக் காட்சி அரிது. சிறிய இச்சித்திரங்களுட் சில பின்னர் பட்டுத்திரை அச்சு முறையில் பெரிதாக்கப்பட்டுத் துணியில் ஏற்றப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரேயொரு படி மட்டுமே எடுக்கப்பட்டது. பெரிதாக்கியவற்றைவிடப் பெட்டி அட்டைகளே நமக்கு உயர்ந்தவையாகத் தோன்றுகின்றன. சிறுமையில்தான் அக்கோட்டின் நெருக்கம் முழுமையாக விளங்குகிறது.

கோபர் சிறை பின்னரும் ஓயவில்லை. 2019 ஏப்ரலில் மற்றொரு மக்கள் எழுச்சியில் பதவியிழந்த உமர் அல்-பஷீர் கொண்டு செல்லப்பட்டதும் அங்கேதான். 2023 ஏப்ரலில் இராணுவத்துக்கும் துரித ஆதரவுப் படைக்கும் இடையே போர் மூண்டபோது சிறையின் கதவுகள் திறந்து கைதிகள் வெளியேறினர். கார்த்தூமும் உம்முதுர்மானும் போர்க்களமாயின. தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. ஸலாஹியின் முதன்மையான படைப்புகள் இலண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்தமையால் தப்பின. அந்நியர் கையில் நம் செல்வம் இருப்பதைப் பற்றி முறையிடும் வழக்கமுடைய நாம் இதனை ஒருவிதத் தயக்கத்தோடுதான் எழுதுகிறோம். ஒன்பது அட்டைகளாலான அச்சித்திரம் இன்னும் சூடானுக்குத் திரும்பவில்லை.